மேனி தொடும் உலோகங்களும் தோல் ஒவ்வாமையும்

தமிழர் வாழ்வில் உடம்பின் மேல் உலோகம் படாத பருவம் என்று ஒன்று கிடையாது. பிறந்த குழந்தைக்கு இடுப்பில் அரைஞாண், கையில் காப்பு, காலில் தண்டை. கொஞ்சம் வளர்ந்ததும் காது குத்திக் கம்மல். பெண் பிள்ளையானால் மூக்குத்தி, கொலுசு, வளையல். கல்யாணமானால் தாலி, மெட்டி. ஆண்களுக்கு மோதிரம், அந்தக் காலத்தில் கடுக்கன். இவையெல்லாம் பெரும்பாலும் தங்கம், வெள்ளி, செம்பு என்ற மூன்றுக்குள் அடங்கியிருந்தன. எங்கள் சமண முனிவர்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அவர்கள் கையில் இருப்பது மயிற்பீலியும் கமண்டலமும்தான். அந்தக் கமண்டலத்தையும் மரத்தாலோ தேங்காய் ஓட்டாலோ செய்வதே வழக்கம். ஆகவே இந்தக் கட்டுரை அவர்களுக்கு வேண்டியதில்லை. மற்ற நமக்கெல்லாம் வேண்டும்.

ஏனென்றால் இன்று நம் மேனியைத் தொடும் உலோகங்களின் கணக்கே வேறு. கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி, பெல்ட் பக்கிள், ஜீன்ஸ் பேண்ட் பொத்தான், சேலைக்குக் குத்தும் ஊக்கு, செல்போன், காதில் மாட்டும் இயர்போன், நடந்த அடிகளை எண்ணிச் சொல்லும் கைப்பட்டை என்று காலை எழுந்தது முதல் ஏதாவது ஒன்று தோலில் உரசிக்கொண்டே இருக்கிறது. சிலர் தூங்கும்போதும் கழற்றுவதில்லை. இதில் எது என்ன உலோகம் என்று கேட்டால் வாங்கினவருக்கும் தெரியாது, பல சமயம் விற்றவருக்கும் தெரியாது. பாத்திர வியாபாரத்தில் பல வருஷம் உலோகங்களோடு பழகியவன் என்ற முறையிலும், இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தவன் என்ற முறையிலும், நம் சங்கத்துக் குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று சில செய்திகளை இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் அல்ல. மருந்து சொல்லப் போவதில்லை.

முதலில் அடையாளம். கடிகாரத்தின் அடிப்பாகம் படுகிற இடத்தில் வட்டமாகச் சிவந்து தடித்து, சின்னச் சின்னக் கொப்புளம் வந்து, அரிக்கும். சொறிந்தால் நீர் கசியும். சில நாளில் ஆறி, அந்த இடம் கறுத்துத் தடித்த தோலாக நிற்கும். காது மடலில் வந்தால் தோடு போட்ட துளையிலிருந்து நீர் வடிந்து பொருக்குத் தட்டும். கண்ணாடி போடுகிறவர்களுக்குக் காதின் பின்புறமும் மூக்கின் இரு பக்கமும். ஜீன்ஸ் போடுகிற பிள்ளைகளுக்குத் தொப்புளுக்குக் கீழே ஒரு காசு அளவுக்கு. இதைப் பார்த்ததும் நம்மவர்கள் சொல்லும் பெயர்கள் பல: படர்தாமரை, வேர்க்குரு, பூச்சிக்கடி, உடம்புச் சூடு. சித்திரை வெயிலில் சித்தூரில் வேர்க்குரு வராதவர் யார்? அதனால் யாரும் சந்தேகப்படுவதும் இல்லை. ஆனால் ஓர் உலோகம் பட்ட இடத்தில், பட்ட அளவுக்கு, அதே உருவத்தில் வருகிறது என்றால் அது பெரும்பாலும் ஒவ்வாமை. உலகத்தில் இப்படித் தோலுக்கு ஒத்துக்கொள்ளாத உலோகங்களில் முதலிடம் நிக்கலுக்குத்தான். கோபால்ட், குரோமியம் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

நிக்கல் என்ற பெயரே ஒரு திட்டு. ஜெர்மனியில் சுரங்கக்காரர்களுக்குச் செம்புத் தாது மாதிரியே சிவந்த ஒரு கல் கிடைத்தது. எவ்வளவு உருக்கியும் அதிலிருந்து செம்பு வரவில்லை. இது குட்டிச்சாத்தான் வேலை என்று சொல்லி, அந்தக் கல்லுக்குச் ‘செம்புப் பிசாசு’ என்று பொருள்படும்படி குப்பர்நிக்கல் என்று பெயர் வைத்தார்கள். அதிலிருந்து புதிய உலோகம் ஒன்றை 1751-ல் பிரித்தெடுத்தவர் சுவீடன் நாட்டு அறிஞர் குரோன்ஸ்டெட். பிசாசின் பெயரே அதற்கு நின்றுவிட்டது. வியாபாரக் கண்ணோடு பார்த்தால் இது ஓர் அற்புதமான உலோகம். மலிவு, வெள்ளி போலப் பளபளப்பு, துருப் பிடிக்காது, பித்தளை மேலும் இரும்பு மேலும் நன்றாக முலாம் ஏறும். தங்க முலாம் பூசுகிறவர்கள்கூட முதலில் அடியில் நிக்கல் முலாம் ஒன்று கொடுத்து, அதன் மேல்தான் தங்கத்தை ஏற்றுவது வழக்கம். அடியில் உள்ள செம்பு மேலே ஏறி நிறம் மாறாமல் இருக்க அது தடுப்பு. குரோமியம் பூசிப் பளபளக்கும் பொருளுக்கும் அடியில் நிக்கல் உண்டு. கண்ணுக்குத் தெரிவது ஒன்று, அதன் கீழே இருப்பது நிக்கல்.

சரி, அது தோலை எப்படித் தாக்குகிறது? உலோகக் கட்டியாக இருக்கும்வரை அது ஒன்றும் செய்யாது. வேர்வைதான் வழி திறக்கிறது. வேர்வையில் உள்ள உப்பு நிக்கலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, கண்ணுக்குத் தெரியாத அயனிகளாக்கித் தோலுக்குள் விடுகிறது. அவை அங்கே உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்கின்றன. உடம்பின் காவல் படையான வெள்ளை அணுக்களில் ஒரு வகை, ‘இது நம் ஆள் இல்லை’ என்று அதை அடையாளம் பிடித்து நினைவில் வைத்துக்கொள்கிறது. இந்த முதல் கட்டத்தில் வெளியே ஒன்றும் தெரியாமலும் போகலாம். பிறகு எப்போது நிக்கல் பட்டாலும் அந்தப் படை திரண்டு வந்து சண்டை போடும். அந்தச் சண்டைதான் அரிப்பும் கொப்புளமும். 2010-ல் ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு செய்தியையும் கண்டார்கள். மனிதத் தோலில் காவல் மணி போலிருக்கும் ஒரு புரதத்தில் நிக்கல் நேராகவே போய்ப் பொருந்தி மணியடித்துவிடுகிறது. எலிக்கு அந்தப் பொருத்தம் இல்லை. எலிக்கு இந்த வியாதி எளிதில் வராததும் நமக்கு இவ்வளவு பேருக்கு வருவதும் அதனால்தான்.

எங்கள் ஜைன சாத்திரத்தில் ஊற்று, கட்டு, செறிப்பு, உதிர்ப்பு என்று நான்கு சொற்கள் உண்டு. வினை உயிருக்குள் வந்து சேர்வது ஊற்று. ஒட்டிக்கொள்வது கட்டு. மேலும் வராமல் தடுப்பது செறிப்பு. ஒட்டியதைக் கழிப்பது உதிர்ப்பு. உவமைக்காகச் சொல்கிறேன்: நிக்கல் விஷயத்தில் ஊற்று உண்டு, கட்டு உண்டு, செறிப்பும் நம் கையில் உண்டு. உதிர்ப்புதான் இல்லை. ஒரு தடவை உடம்பு நிக்கலை விரோதியாக எழுதி வைத்துவிட்டால் அநேகமாக ஆயுசுக்கும் அந்தக் கணக்கு அழியாது. அரிப்பு ஆறும், கணக்கு ஆறாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அரிப்பு உடனே வராது. பட்டு ஒரு நாள், இரண்டு நாள், சிலருக்கு மூன்று நாள் கழித்துத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போட்ட நெக்லஸுக்குச் செவ்வாய்க்கிழமை கழுத்து அரிக்கும். திங்கட்கிழமை சாப்பிட்ட கத்தரிக்காய் மேல் பழி விழும்.

காதுகுத்தில் தொடங்குவது

கடிகாரம் போட்ட இடத்தில் அரிப்பு வந்தால் கடிகாரம் கெட்டது என்கிறோம். கண்ணாடி மாற்றியதும் வந்தால் கண்ணாடி கெட்டது என்கிறோம். பல பேர் விஷயத்தில் கடிகாரமும் கண்ணாடியும் பிறகு வந்த சாட்சிகள். காரியம் நடந்தது அதற்குப் பல வருஷம் முன்னால், காது குத்தின அன்றைக்கு. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன்.

தோல் என்பது ஒரு கோட்டைச் சுவர். கையில் கடிகாரம் கட்டினால் நிக்கல் சுவருக்கு வெளியே நின்று கசிகிறது. காது குத்தினாலோ சுவரையே துளைத்து, ஆறாத பச்சைப் புண்ணுக்குள் உலோகத்தை வைத்து, வாரக்கணக்கில் ஊற விடுகிறோம். உடம்பு அந்த உலோகத்தை விரோதியாகப் பழகிக்கொள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. உலகம் முழுவதும் ஆண்களைவிடப் பெண்களுக்கு நிக்கல் ஒவ்வாமை அதிகமாக இருப்பதற்கு டாக்டர்கள் முக்கியமாகச் சொல்லும் காரணம் காது குத்துவதுதான். பெண் உடம்பு மென்மை என்பதெல்லாம் இல்லை.

நம் பெரியவர்கள் இதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். பத்தர் வருவார். நல்ல தங்கக் கம்பியால் குத்தி, அதையே வளைத்து முறுக்கி விட்டுவிடுவார். ஏழைக் குடும்பமானாலும் குன்றிமணித் தங்கமாவது இதற்கென்று எடுத்து வைப்பார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து, தாய்மாமன் சீராகத்தான் அந்தத் தங்கமும் வரும். அதை வெறும் சடங்கு என்று நினைக்கிறோம். அந்தச் சடங்குக்குள் குழந்தையின் புண்ணில் சுத்தமான உலோகம் மட்டுமே படவேண்டும் என்ற ஏற்பாடும் இருந்தது. 22 காரட் தங்கத்தில் சேரும் கலப்பு பெரும்பாலும் செம்பும் வெள்ளியும்தான்.

வட ஆற்காட்டிலும் கடப்பையிலும் இருந்த பகுதிகளைச் சேர்த்து 1911-ல் ஏற்பட்டது நம் சித்தூர் ஜில்லா. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது ஆந்திராவோடு போனது. 1960-ல் திருத்தணி மட்டும் தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. எல்லைக் கோடு எங்கே போனாலும் இந்தப் பக்கத்துத் தமிழர், தெலுங்கர் எல்லோருக்கும் பொதுவாக ஒரு வேண்டுதல் உண்டு: குழந்தைக்குத் திருப்பதியில் முடி இறக்கிக் காது குத்துவது. நல்ல வழக்கம். ஆனால் இப்போது என்ன ஆகிறது? பத்தர் கம்பியால் குத்துவது குறைந்து, எங்கு பார்த்தாலும் துப்பாக்கி போன்ற கருவியால் ஒரே தட்டில் குத்திவிடுகிறார்கள். அதில் வைக்கும் கம்மல் என்ன உலோகம் என்று யாரும் கேட்பதில்லை. அது ஆறுவதற்குள், விசேஷத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று சன்னிதித் தெருவில் கண்ணாடிப் பெட்டியில் தொங்கும் ஜோடியை வாங்கி மாட்டிவிடுகிறோம். கோயில் ஊர்க் கடைகளில் விற்கும் பாலாஜி டாலர், சங்கிலி, காப்பு, வளையம் எல்லாம் ஆசைக்கு வாங்குவது. குற்றம் சொல்லவில்லை. பெரியவர் சட்டைக்கு மேல் போட்டுக்கொண்டால் போட்டுக்கொள்ளட்டும். பச்சைப் புண்ணுள்ள காதில் மட்டும் வேண்டாம்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு, தாய்மார்களுக்குத் தெரிந்ததுதான். தோடு தங்கமாக இருக்கும், திருகாணி மட்டும் தொலைந்துபோய்க் கவரிங் திருகாணி போட்டிருப்பார்கள். அப்போது காதின் முன்பக்கம் ஒன்றுமில்லாமல் பின்பக்கம் மட்டும் புண்ணாகும். ‘தங்கமே ஒத்துக்கலை’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். தங்கத்துக்கும் சிலருக்கு ஒவ்வாமை உண்டு என்பது உண்மையே. அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் ஒன்று ஆண்டுதோறும் கவனிக்க வேண்டிய ஒவ்வாப் பொருள் என்று ஒன்றை அறிவிக்கிறது. அதில் 2001-ல் தங்கத்தையும் 2008-ல் நிக்கலையும் சொல்லியிருக்கிறார்கள். இருந்தாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது திருகாணியைத்தான்.

டென்மார்க்கில் செய்தது

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நிக்கல் முலாம் பட்டறைகள் வந்தபோது, அங்கே வேலை செய்த தொழிலாளிகளின் கையில்தான் இந்தச் சொறி முதலில் தெரிந்தது. பிறகு பட்டறையை விட்டு வீட்டுக்கு வந்தது. ஐரோப்பியப் பெண்கள் காலுறையை மாட்டும் கொக்கியில் நிக்கல் இருந்தபோது தொடையில் வந்தது. அந்த உடை போய் ஜீன்ஸ் வந்தபோது தொப்புளுக்குக் கீழே இறங்கியது. காது குத்தும் மோகம் பெருகியபோது காதுக்கு ஏறியது. செல்போன் வந்ததும் கன்னத்துக்கு. நாகரிகம் எந்த இடத்தில் உலோகத்தை வைத்ததோ அந்த இடத்துக்கெல்லாம் நோயும் போயிருக்கிறது.

இதைக் கவனித்து முதலில் சட்டம் போட்ட நாடு டென்மார்க். 1990-ல் நடைமுறைக்கு வந்தது. பொருளில் எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்று அவர்கள் கேட்கவில்லை. எவ்வளவு கசிகிறது என்று கேட்டார்கள். அதுதான் புத்திசாலித்தனம். தோலைத் தொடும் பொருளின் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலிருந்து ஒரு வாரத்தில் அரை மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டு, அதில் பாதிப் பங்கு. ஐரோப்பிய ஒன்றியம் இதையே 1994-ல் எடுத்துக்கொண்டு, படிப்படியாக 2001-க்குள் முழுதும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. குத்திய துளைக்குள் வைக்கும் கம்மலுக்குப் பிற்பாடு இன்னும் கடுமையாக 0.2 மைக்ரோகிராம் என்று வைத்தார்கள். பலன் கிடைத்ததா என்றால், கிடைத்தது. டென்மார்க் பள்ளி மாணவிகளைச் சோதித்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், சட்டம் வருவதற்கு முன் காது குத்திக்கொண்டவர்களில் நூற்றுக்கு 17 பேர் அளவில் நிக்கல் ஒவ்வாமை இருந்தது. பின்னால் குத்திக்கொண்டவர்களில் 4 பேர் அளவுதான். பிள்ளைகள் அதே பிள்ளைகள், காது அதே காது. கம்மலின் உலோகம்தான் மாறியது.

நம் பக்கத்துக் கடைகளில் கவரிங் டப்பாவின் மேல் இந்த மாதிரி ஓர் அளவு அச்சடித்து நான் பார்த்ததில்லை.

கடிகாரம், கண்ணாடி, செல்போன்

கடிகாரத்தில் கவனிக்க வேண்டியது முகப்பை அல்ல, முதுகை. பழைய கடிகாரங்களின் பின்மூடியில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று எழுதியிருக்கும். அதற்கு அர்த்தம், பின்மூடி மட்டும் எவர்சில்வர், சுற்றுச்சட்டம் முலாம் பூசின பித்தளை என்பதுதான். முலாம் தேய்ந்து மஞ்சள் தெரிய ஆரம்பித்தால் இடையில் இருக்கும் நிக்கலும் வெளியே வந்துவிட்டது என்று பொருள். பெங்களூரில் 1961-ல் எச்.எம்.டி. கடிகாரமும், பின்னர் ஓசூரிலிருந்து டைட்டனும் வந்த பிறகு கடிகாரம் நடுத்தரக் குடும்பத்துச் சொத்தாயிற்று. அப்பாவின் கடிகாரத்தைப் பிள்ளை கட்டுவது நம் வழக்கம். கட்டட்டும். அரித்தால் மட்டும் முதுகைத் திருப்பிப் பார்க்கட்டும்.

கடிகாரத் தோல் பட்டையால் வருவது வேறு கதை. தோலைப் பதப்படுத்தக் குரோமிய உப்பைப் பயன்படுத்துகிறார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி நமக்குப் பக்கத்து ஊர்கள். அந்தத் தொழிலைப் பற்றி நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சரியாகப் பதப்படுத்தாத தோலில் ஒரு வகைக் குரோமியம் தங்கிவிடும். சிமெண்டிலும் அந்த வகைக் குரோமியம் கொஞ்சம் உண்டு. கொத்தனார் ஒருவருக்குச் சிமெண்டால் கையில் வந்த ஒவ்வாமை, பிறகு தோல் செருப்பிலும் கடிகாரப் பட்டையிலும் தலைகாட்டும். ஐரோப்பாவில் தோல் பொருளில் இந்தக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2015 முதல் கட்டுப்பாடு இருக்கிறது.

மூக்குக்கண்ணாடிக்கு டைட்டானியம் சட்டம் நல்லது, விலை அதிகம். முடியாதவர்கள் முழுதும் பிளாஸ்டிக் சட்டம் போடலாம். காதுக்குப் பின்னால் போகும் முனையில் பிளாஸ்டிக் உறை கிழிந்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

செல்போன் விஷயத்தில் 2008-ல் கனடா மருத்துவ சங்க இதழில் ஒரு செய்தி வந்தது. அமெரிக்காவில் ஒரு 18 வயதுப் பையனுக்குக் கன்னத்தில் சொறி. விசாரித்தால் செல்போனின் உலோக ஓரத்தில் நிக்கல். அந்த டாக்டர்கள் கடைகளில் கிடைத்த 22 மாதிரிப் போன்களைச் சோதித்ததில் 10-ல் நிக்கல் இருந்தது. 2014-ல் சான் டியாகோவில் 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ஐபேடினால் வந்ததாகவும் எழுதினார்கள். இது எங்கேயோ நடக்கிற விஷயம் என்று தள்ள முடியாது. போன் இப்போது நம் வீட்டு வாசலில் செய்கிற பொருள். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006 முதல் 2014 வரை செய்தது. திருப்பதிப் பக்கம் ஸ்ரீசிட்டியில் 2015-ல் ஷியோமி போன் தயாரிப்பு ஆரம்பமானது. போனுக்கு வைத்தியம் சுலபம், ஓர் உறை போட்டால் போதும்.

கைப்பட்டை விஷயம்தான் பெரியதாக வெடித்தது. ஃபிட்பிட் என்ற அமெரிக்கக் கம்பெனி, ‘ஃபோர்ஸ்’ என்ற கைப்பட்டையை 2014 மார்ச்சில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 10 லட்சம் விற்றிருந்தது. தோல் எரிச்சல் என்று வந்த புகார் சுமார் 9,900, கொப்புளம் என்று வந்தது சுமார் 250. எவர்சில்வரில் உள்ள நிக்கலாகவும் இருக்கலாம், பட்டையாகவோ ஒட்டும் பசையாகவோ இருக்கலாம் என்று கம்பெனியே சொன்னது. ஆகவே பட்டைக்குக் கீழே வருவதெல்லாம் உலோகத்தால்தான் என்று நினைக்கக் கூடாது. பசை, ரப்பர், கழுவாமல் தங்கிய சோப்பு, இரவும் பகலும் கழற்றாமல் ஊறிய வேர்வை என்று பல உண்டு. உலோகம் படும் இடத்தில் மட்டும் இருக்கிறதா, பட்டை முழுவதும் இருக்கிறதா என்று பார்த்தால் கொஞ்சம் புரியும். அதேபோல ஒட்டுப் பொட்டினால் நெற்றியில் வெளுப்பது பசையால் வருவது. அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

ஒரு தாலிச் சங்கிலி

எங்கள் கடைக்கு நெடுநாளாக வரும் ஒரு குடும்பம். ஊரும் பேரும் வேண்டாம். கல்யாணமாகி இரண்டு வருஷமான மருமகளுக்குக் கழுத்தைச் சுற்றிக் கறுத்துப் போய், நீர் வடிந்து, பார்க்கவே சங்கடமாக இருந்தது. மருந்துக் கடையில் கேட்டு ஒரு டியூப் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். போட்ட நான்கு நாள் குறையும், விட்டால் முன்னைவிட அதிகம். தோல் மெலிந்து நரம்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. ஸ்டீராய்டு கலந்த இந்தக் களிம்புகளில் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் உத்தரவு போட்டிருக்கிறது. கேட்டால் கொடுக்கிறவர்கள் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மாமியார் எங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, “தாலி கழுத்துக்கு ஒத்துக்கலைன்னா என்ன அர்த்தம் நயினாரே? ஜாதகம் சரியா பாக்காம செஞ்சுட்டோமோ?” என்று கேட்டார். பெண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு சமையலறையில் என் மனைவியிடம் மட்டும் மெதுவாகச் சொல்லியிருக்கிறாள், “அக்கா, இது தங்கம் இல்லக்கா. வீட்டுக்காரரு கடைக்குப் பணம் வேணும்னு சங்கிலிய அடகு வச்சுட்டாரு. இது கவரிங். அத்தைக்குத் தெரியாது.”

கவரிங் தொழிலில் நம் சிதம்பரமும் சரி, மசூலிப்பட்டணத்துப் பக்கம் சிலகலப்பூடியும் சரி, பேர் போன ஊர்கள். அந்தத் தொழிலை நம்பி ஆயிரம் குடும்பம் பிழைக்கிறது. தங்கம் வாங்க முடியாதவர்களுக்கு அது மானம் காக்கிற பொருள். விசேஷ நாளில் நான்கு மணி நேரம் போட்டுக் கழற்றினால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தாலிச் சங்கிலியைக் கழற்ற முடியாதே! குளிக்கும்போது, அடுப்படியில், தூக்கத்தில் என்று இரவும் பகலும் கழுத்தில்தான். வேர்வையிலும் சோப்பிலும் மேல்முலாம் தேய்ந்து அடியில் உள்ளது தோலில் படுகிறது. அந்தப் பெண்ணின் துன்பத்துக்கு மருந்து கிடைக்காததற்குக் காரணம், எது தங்கம் எது தங்கமில்லை என்று வாயைத் திறந்து சொல்ல முடியாததுதான். டாக்டரிடமும் தங்கம் என்றே சொல்லியிருக்கிறாள், பக்கத்தில் மாமியார் இருந்ததால். சின்ன வயதில் காது குத்தினபோதே புண்ணாகிச் சீழ் பிடித்ததும், அப்போது போட்டது ஃபேன்சி கடைக் கம்மல் என்பதும் என் மனைவி கேட்டபோது தெரிந்தது.

தாலி சுத்தத் தங்கம்தான், சங்கிலிதான் கவரிங். அதனால் தாலியை எடுத்து மஞ்சள் சரட்டில் கோத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னோம். வெயில் காலத்துக்குச் சரடுதான் நல்லது, அதுதான் மங்களமும் என்று மாமியாருக்குச் சொன்னபோது அவர் மறுப்புச் சொல்லவில்லை. சரடில் இரண்டு ஊக்குக் குத்தி வைத்திருந்தாள், நம் பெண்கள் எல்லோரும் அவசரத்துக்கு வைத்திருப்பார்களே, அதையும் எடுக்கச் சொன்னோம். ஊக்கு இரும்பின் மேல் நிக்கல் முலாம். பிறகு வேலூருக்குப் போய்க் காட்டினார்கள். புண் ஆறிவிட்டது. கறுப்பு போகப் பல மாதம் ஆயிற்று.

கடைக்காரன் பார்வையில் சில சங்கதிகள்

பாத்திரம் வாங்க வருகிறவர்கள் சிலர் சட்டைப் பையில் காந்தத்தோடு வருவார்கள். ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் உயர்ந்தது என்பது அவர்கள் கணக்கு. சமையலுக்கு அந்தக் கணக்கு ஓரளவு சரி. உயர்ந்த எவர்சில்வர் என்று நாம் சொல்லும் 18/8 ரகத்தில் குரோமியம் 18 பங்கு, நிக்கல் 8 பங்கு. நிக்கல் சேர்ந்ததால்தான் அது காந்தத்தில் ஒட்டுவதில்லை. ஒட்டுகிற ரகத்தில் நிக்கல் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே நிக்கல் ஒத்துக்கொள்ளாதவருக்கு, காந்தம் ஒட்டும் மட்ட ரக எவர்சில்வரே மேல். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 202 ரகமும் ஒட்டாது. அதனால் ஒட்டாததெல்லாம் 18/8 என்றும் நினைக்கக் கூடாது. காந்தச் சோதனையை முலாம் பூசின பொருளுக்குச் செய்யவே கூடாது. ஊக்கு ஒட்டும், மேலே நிக்கல். பித்தளைக் கம்மல் ஒட்டாது, அதிலும் மேலே நிக்கல் இருக்கலாம்.

‘அப்படியானால் எவர்சில்வர் டம்ளரில் காபி குடிக்கலாமா?’ என்று கேட்பார்கள். தாராளமாகக் குடிக்கலாம். எவர்சில்வரில் நிக்கல் இருந்தாலும், குரோமியம் மேலே ஒரு மெல்லிய ஆக்ஸைடு படலம் போட்டு அதைப் பூட்டி வைத்திருக்கிறது. கசிவது மிகவும் குறைவு. டென்மார்க் சட்டம் இருப்பைக் கேட்காமல் கசிவைக் கேட்டதன் காரணமும் இதுதான். மிகவும் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள், உள்ளங்கையில் கொப்புளம் வருகிறவர்கள் மட்டும் முந்திரி, பருப்பு, சாக்லேட் போன்ற நிக்கல் அதிகமுள்ள உணவைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

ஜெர்மன் சில்வர் என்ற பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. அதில் வெள்ளி ஒரு குன்றிமணியும் இல்லை. செம்பு, துத்தநாகம், நிக்கல் சேர்ந்த கலவை அது. குங்குமச் சிமிழ், தட்டு, விளக்கு என்று பூஜைக்கு வைத்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. இப்போது அதே உலோகத்தில் கழுத்து மாலை, ஜிமிக்கி செய்து பழைய காலத்து வெள்ளி மாதிரி கறுக்கவைத்து விற்கிறார்கள், கல்லூரிப் பெண்கள் விரும்பி வாங்குகிறார்கள். அங்கேதான் யோசிக்க வேண்டும். நாணயத்திலும் நிக்கல் உண்டு. இன்றைய மஞ்சள் 5 ரூபாயில் நூற்றுக்கு 5 பங்கு. ஒரு ரூபாய் 1992 முதல் நிக்கல் இல்லாத எவர்சில்வரில்தான் வருகிறது. கல்லாப்பெட்டியில் நாள் முழுதும் சில்லறை எண்ணுகிறவர்களைத் தவிர மற்றவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

வீட்டில் உள்ள ஒரு பொருளில் நிக்கல் கசிகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை உண்டு. டை மெத்தில் கிளையாக்ஸைம் என்ற ரசாயனம், கூட ஒரு துளி அம்மோனியா, இரண்டையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு அரை நிமிஷம் தேய்த்தால், நிக்கல் வந்தால் பஞ்சு ரோஸ் நிறமாகும். பொருளுக்கு ஒன்றும் ஆகாது. இந்த நிறத்தை 1905-ல் கண்டுபிடித்தவர் சுகாயெவ் என்ற ரஷ்யர். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்த பிள்ளைகள் லேபில் செய்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். நம் சங்கத்து இளைஞர்கள் பொங்கல் விழாவில் ஒரு மேஜை போட்டு, வருகிறவர்களின் கம்மலையும் கடிகாரத்தையும் இப்படிச் சோதித்துக் காட்டினால் நான்கு சொற்பொழிவை விடப் பிரயோஜனமாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

காது குத்தப் போகிறவர்கள் 916 முத்திரைத் தங்கத்தில் மெல்லிய கம்பியோ, டைட்டானியமோ, மருத்துவப் பிளாஸ்டிக்கோ கேட்டு வாங்கி, துளை முழுதும் ஆறும்வரை வேறெதையும் போடாமல் இருக்க வேண்டும். திருகாணியும் அதே உலோகமாக இருக்க வேண்டும். இன்னொரு விந்தை: பல் சீராக்கக் கம்பி கட்டுகிறார்களே, அதை முதலில் கட்டிப் பிறகு காது குத்திக்கொண்ட பிள்ளைகளுக்கு நிக்கல் ஒவ்வாமை குறைவாக இருந்ததை ஐரோப்பாவில் கண்டிருக்கிறார்கள். வாய் வழியாகப் பழகிய உலோகத்தை உடம்பு விரோதியாக எழுதுவதில்லை போலும். ஒரு வயதில் காது குத்தும் நமக்கு அந்த வரிசை பொருந்தாது.

ஏற்கெனவே அரிப்பு இருப்பவர்கள் சந்தேகத்திலேயே காலம் கழிக்காமல் ஒட்டுச் சோதனை செய்துகொள்வது நல்லது. ஜெர்மானிய மருத்துவர் யாதஸ்ஸோன் 1895-ல் வகுத்த முறை அது. நம் நாட்டில் எந்தெந்தப் பொருள்களை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று முறைப்படுத்தியவர்களில் டெல்லி எய்ம்ஸ் டாக்டர் பஸ்ரிச்சா முக்கியமானவர். சின்னச் சின்ன அலுமினியக் குழிகளில் ஒவ்வொரு பொருளையும் துளியளவு வைத்து முதுகில் ஒட்டிவிடுவார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், நான்காம் நாள் மறுபடி பார்ப்பார்கள். எந்தக் குழியின் கீழே சிவந்து தடித்திருக்கிறதோ அதுதான் விரோதி. ஊசி கிடையாது. அதுவரை முதுகு நனையக் கூடாது, வேர்க்கவும் கூடாது. ஆகவே நம் ஊர் வெயிலுக்கு ஐப்பசிக்கு மேல் தை மாசி வரை போவது வசதி. சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் சி.எம்.சி. ஒரு மணி நேரத் தூரம். திருப்பதியில் ரூயா ஆஸ்பத்திரித் தோல் பிரிவில் விசாரிக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரை, களிம்பு ஏதாவது பயன்படுத்தினால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சோதனை பொய் சொல்லும். போகும்போது தோடு, திருகாணி, கடிகாரம், கண்ணாடி, ஊக்கு, சங்கிலி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அதில் கவரிங் எது என்று டாக்டரிடம் தனியாகவாவது சொல்லிவிடுங்கள்.